மழையில் நெடுந்தூரம் சைக்கிள் மிதிக்கிறீர்களா?

மழைக்கோட்டு எவ்வளவு உயர்ந்த ரகமாக இருந்தாலும், இரண்டு மணி நேரம் மிதித்தால் உள்ளே வியர்வையில் தொப்பலாகிவிடுவோம். அதனால் நனையாமல் போகும் ஆசையை நான் எப்போதோ விட்டுவிட்டேன். இரவுக்கு ஒரு செட் துணியை இரண்டு பிளாஸ்டிக் பைகளுக்குள் சுற்றி வைப்பேன். வழியில் எவ்வளவு குளிரெடுத்தாலும் அதைத் தொடுவதில்லை.

உண்மையில் பயப்பட வேண்டியது பிரேக்குக்குத்தான். ரிம்மைப் பிடிக்கும் வகை பிரேக் என்றால், சக்கரத்தின் முதல் சில சுற்றுகளில் பிரேக் கட்டை தண்ணீரைத்தான் வழித்தெடுக்கும்; பிடிப்பு அதற்குப் பிறகே வரும். எனவே இறக்கத்துக்கு முன்பே லேசாக அழுத்தி ரிம்மைத் துடைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க் பிரேக்கில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் ஈரச் சாலையில் டயர் வழுக்குவதை எந்த பிரேக்கும் தடுக்காது.

சாலையில் வரைந்த வெள்ளைக் கோடு, இரும்பு மூடி, தண்டவாளம் மூன்றும் நனைந்தால் சோப்புக்கட்டிதான். தண்டவாளத்தைச் செங்குத்தாகக் கடந்து செல்லுங்கள். அதன் மேல் திருப்பவோ பிரேக் பிடிக்கவோ வேண்டாம். தேங்கிய நீருக்கடியில் என்ன பள்ளம் இருக்கிறதென்று தெரியாது, சுற்றிப் போய்விடுங்கள்.

தங்குமிடம் சேர்ந்ததும் களைப்பைப் பார்க்காமல் செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். ஒரே இரவில் துரு பூத்துவிடும். ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஒரு மணி நேரம் கழித்துத் தாளை மாற்றினால் காலையில் ஓரளவு காய்ந்திருக்கும்.