சுவரை நம்பாமல் வீட்டுக்குள் ஹேமக் கட்டுவது எப்படி?

சுவரில் அடித்திருந்த கொக்கி பிடுங்கிக்கொண்டு வந்தபோது நான் ஹேமக்கில் (இரண்டு முனையையும் கட்டித் தொங்கவிடும் துணிப்படுக்கை) முழுதாகப் படுக்கக்கூட இல்லை. விளிம்பில் உட்கார்ந்து காலை மேலே தூக்கினேன், அவ்வளவுதான். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம் என்பதால் இடுப்பு கன்றியதோடு போயிற்று. எழுந்து பார்த்தால் கொக்கி இருந்த இடத்தில் கை நுழையும் அளவுக்குப் பள்ளம், சுற்றிலும் பூச்சு தகடு தகடாக உப்பி நிற்கிறது. உள்ளே விரலை விட்டால் செங்கல் மணல் மாதிரி உதிர்ந்தது.

கொக்கி உடையவில்லை, போல்ட் வளையவில்லை. சுவர்தான் தாங்கவில்லை. அதற்கப்புறம் சுவரில் பாரமே விழாதபடி ஒரு சட்டம் செய்தேன். ஒன்றரை வருடமாக அதில்தான் படுக்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒற்றைச் செங்கல் தடுப்போ, உள்ளீடற்ற பிளாக்கோ, ஜிப்சம் பலகையோ, பழைய உதிரும் சுவரோ இருந்தால் இந்த முறை உதவும்.

முதலில் ஒரு கணக்கு. இதைத் தாண்டிக் குதித்துவிடாதீர்கள். நான் 80 கிலோ, ஆளுக்குப் பாதியாக ஒவ்வொரு சுவரும் 40 கிலோ தாங்கினால் போதும் என்று நினைத்திருந்தேன். அது நேராகக் கீழே இழுக்கும் பாரம் மட்டும். ஹேமக் சாய்வாக இழுக்கிறது. ஹேமக்கின் முனையைக் கட்டும் பட்டை படுக்கைக்கோட்டிலிருந்து 30 டிகிரி இறங்கினால் ஒவ்வொரு பட்டையிலும் 80 கிலோ இழுவிசை வரும். 15 டிகிரி என்றால் சுமார் 155 கிலோ. 10 டிகிரி என்றால் 230 கிலோ. அதாவது எவ்வளவு விறைப்பாகக் கட்டுகிறோமோ அவ்வளவு ஆபத்து. தொப்பென்று உட்கார்ந்தால் அந்த நொடியில் இதெல்லாம் இரண்டு மடங்காகலாம்.

இந்த இழுப்பில் பெரும்பகுதி சுவரை அறைக்குள் சாய்க்கும் திசையில் போகிறது. மேலிருந்து வரும் எடையைத் தாங்கத்தான் சுவர் கட்டப்படுகிறது. பக்கவாட்டில் இழுத்தால் அதற்குப் பலம் இல்லை. செங்கல் தூணில் ஹேமக்கைக் கட்டி, தூணே மேலே சரிந்து உயிரிழந்தவர்கள் இருக்கிறார்கள். ஆகவே "இன்னும் பெரிய ஆங்கர் போல்ட் போட்டுவிடலாம்" என்ற யோசனையை விட்டுவிடுங்கள். போல்ட் பிடித்துக்கொண்டாலும் சுவர் வந்துவிடும்.

உங்கள் சுவர் எந்த ரகம் என்று தெரியவில்லையா? ஓர் ஓரத்தில் சின்னத் துளை போட்டுப் பொடியைப் பாருங்கள். சிவப்பு என்றால் செங்கல். துரப்பணம் திடீரென்று உள்ளே விழுந்தால் உள்ளீடற்ற பிளாக். வெண்ணெயில் போவதுபோல் போய் வெள்ளைப் பொடி வந்தால் ஜிப்சம், இல்லையென்றால் எடை குறைந்த பிளாக். சாம்பல் நிறத்தில் நுண்பொடி வந்து, துரப்பணமும் நகர மறுத்தால் கான்கிரீட். அந்த இடம் கட்டடத்தின் தூண் என்று உறுதியானால் உங்களுக்கு வேறு வழியே இருக்கிறது, இந்தச் சட்டம் தேவையில்லை.

சட்டத்தின் யோசனை எளிது. பக்கத்துக்கு ஒன்றாகத் தரையில் நிற்கும் இரண்டு மரக்கால்கள். அவற்றுக்கு நடுவே, மேலே, ஒரு இரும்புக் குழாய். ஹேமக் கால்களை உள்நோக்கி இழுக்கும். குழாய் அவற்றை நெருங்கவிடாமல் முட்டுக்கொடுக்கும். எடை கால்கள் வழியாகத் தரைக்குப் போய்விடும். சட்டம் ஆடாமல் பிடித்துக்கொள்வது மட்டும்தான் சுவரின் வேலை.

தேவையானவை: 10 செ.மீ. சதுரமுள்ள, 2.2 மீட்டர் உயர மரக்கால் இரண்டு. ஒவ்வொரு காலுக்கும் அடியில் குறுக்காகப் போட 90 செ.மீ. நீளப் பலகையும், அதைக் காலோடு சேர்க்கும் இரண்டு சாய்வு முட்டுகளும். சாரம் கட்டப் பயன்படும் 48 மி.மீ. இரும்புக் குழாய் ஒன்று. பாலியஸ்டர் பட்டை இரண்டு, காரபைனர் (திறந்து மூடும் உலோகக் கொக்கி) இரண்டு.

குழாயில் சிக்கனம் வேண்டாம். 25 மி.மீ. மெல்லிய திரைச்சீலைக் கம்பி கையால் அழுத்தினால் உறுதியாகத்தான் தெரியும். ஆனால் மூன்று மீட்டருக்கு மேல் நீளத்தில் நூறு கிலோ நெருக்கினாலே வில்லாக வளைந்துவிடும். சாரக்குழாய் இதே நீளத்தில் ஆயிரம் கிலோவுக்கு மேலேயே தாங்கும். நைலான் பட்டையும் எனக்குப் பிடிக்காது, இழுபடும். இரவு படுத்தால் காலையில் முதுகு தரையைத் தொடும். காரபைனரில் அது தாங்கும் விசை கிலோநியூட்டனில் (kN) பொறித்திருக்க வேண்டும். 20 என்று இருந்தால் ஏறத்தாழ 2000 கிலோ. எதுவும் பொறிக்காத சாவிக்கொத்துக் கொக்கி வேண்டவே வேண்டாம்.

படி 1: அளவு. என் அறை 3.6 மீட்டர். கால்களின் தடிமனும் சுவரோரம் விட்ட இடைவெளியும் போக, உள்ளே சுமார் 3.3 மீட்டர் கிடைத்தது. இந்த அளவைத் தரையில் எடுக்காதீர்கள், குழாய் வரும் உயரத்தில் எடுங்கள். என் சுவர்கள் மேலே போகப்போக உள்ளே சாய்ந்திருந்தன. தரையில் அளந்து வெட்டிய குழாய் மேலே இரண்டு செ.மீ. நீளமாக நின்றது.

படி 2: குழி. தரையிலிருந்து 1.9 மீட்டர் உயரத்தில், காலின் உட்புறம் குழாய் நுழையும் அளவுக்கு வட்டக்குழி, 3 செ.மீ. ஆழம். குழாய் முனை குழியின் அடியில் நன்றாக முட்ட வேண்டும், ஏனென்றால் அழுத்தம் முழுக்க அங்கேதான். குழாயை வெட்டும்போது இரண்டு பக்கக் குழி ஆழத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: நிறுத்துவது. தரையில் கிடத்தியே எல்லாவற்றையும் பொருத்திவிட்டு இரண்டு பேர் சேர்ந்து தூக்குங்கள். காலுக்கும் சுவருக்கும் நடுவே பட்டை நுழைய 3 செ.மீ. விடுங்கள். அடியில் ரப்பர் விரிப்பு. சட்டத்தின் உச்சியை இரண்டு எல் (L) வடிவ இரும்புக் கிளாம்பால் சுவரோடு திருகிப் பிடியுங்கள். இந்தத் திருகுகளை ஹேமக் வெளியே இழுப்பதில்லை. நாம் ஏறி இறங்கும்போது சுவரின் தளத்தோடு பக்கவாட்டில்தான் தள்ளும். அதைப் பலவீனமான சுவரும் தாங்கிவிடும்.

படி 4: பட்டையை மாட்டுவது. நான் ஒரு வாரம் திண்டாடியது இங்கேதான். முதலில் குழாய்க்கு ஒரு முழம் கீழே காலில் துளையிட்டு வளையம் மாட்டினேன். கைக்கு எட்டும், வசதி. படுத்ததும் இரண்டு கால்களும் நடுவில் உள்ளே வளைந்து, மேல்நுனிகள் வெளியே விரிந்து சுவரில் இடித்தன. குழாயின் ஒரு முனை குழியை விட்டு அரை விரல் வெளியே வந்துவிட்டது. குழாய் முட்டுக்கொடுப்பது ஓரிடம், நான் இழுப்பது வேறிடம் என்றால் நடுவிலுள்ள மரம்தானே வளையும்? இழுப்பும் முட்டும் ஒரே இடத்தில் சந்திக்க வேண்டும்.

தீர்வு ரொம்ப எளியது. துளையே தேவையில்லை. பட்டையைக் குழாய்க்கு மேலாகக் காலைச் சுற்றிக் கொண்டுவந்து காரபைனரில் பூட்டுங்கள். பட்டை கீழே நழுவாமல் குழாயின் மேலேயே உட்கார்ந்துகொள்ளும். படுத்தபின் ஒருவரை விட்டுக் குழி விளிம்பைப் பார்க்கச் சொல்லுங்கள்; குழாய்க்கும் மரத்துக்கும் நடுவே ஒரு தாள் அளவு வெளிச்சம்கூடத் தெரியக்கூடாது.

படி 5: சாய்வு. ஆள் படுத்திருக்கும்போது பட்டை 35 முதல் 40 டிகிரி இருக்கட்டும். கைப்பேசியில் மட்டம் பார்க்கும் செயலியைத் திறந்து பட்டையோடு ஒட்டிப்பிடித்தால் தெரிந்துவிடும். 40 டிகிரியில் எனக்குப் பட்டைக்கு 62 கிலோதான் வருகிறது. 30-ஐ விடக் கொஞ்சம் குழிவாக இருக்கும். உடலைச் சற்றுக் குறுக்காகப் போட்டுப் படுத்தால் முதுகு நேராகிவிடும். படுத்த நிலையில் தரைக்கு அரை மீட்டருக்கு மேல் போக வேண்டாம்.

சோதனையை உடம்பால் தொடங்காதீர்கள். 20 லிட்டர் தண்ணீர்க் கேன்களை ஒவ்வொன்றாக ஏற்றி, உங்கள் எடையைப் போல ஒன்றரை மடங்கு வரை போய், ஒரு நாள் முழுக்க விடுங்கள். மறுநாள் குழி, சாய்வு முட்டு, கிளாம்ப் மூன்றையும் பார்த்துவிட்டு, கீழே மெத்தை போட்டு மெதுவாக உட்காருங்கள். தலைக்குக் கீழே மேசை முனை, செடித்தொட்டி எதுவும் வேண்டாம். இது படுப்பதற்கான சட்டம், ஊஞ்சல் போல வீசி ஆட அல்ல. சின்னக் குழந்தைகளைத் தனியாக விடவே கூடாது. துணியில் கழுத்து சிக்கினால் அவர்களால் விடுவித்துக்கொள்ள முடியாது.

பின்னர் சேர்த்தது: வாடகை வீடு, சுவரில் திருகே போட முடியாது என்றால் என்ன செய்வது என்று கேட்டிருந்தார்கள். அடிப்பலகையை 1.2 மீட்டராக்கி, சாய்வு முட்டுகளையும் நீளமாக்கினால் சட்டம் தானாக நிற்கும். ஆனால் ஏறி இறங்கும்போது இரண்டு கையாலும் துணியை விரித்துப் பிடித்து நடுவில் உட்கார வேண்டும், ஓரத்தில் தொற்றக்கூடாது.

இன்னொருவர் ஒவ்வொரு முறை புரளும்போதும் சட்டம் கிறீச்சிடுகிறது என்றார். குழியில் மரமும் இரும்பும் உரசும் சத்தம் அது. பழைய சைக்கிள் டியூபில் ஒரு வட்டம் வெட்டிக் குழிக்குள் வைத்துக் குழாயைப் பொருத்தினேன், நின்றுவிட்டது. அதைச் செய்யக் கழற்றியபோதுதான் கண்ணில் பட்டது: மரக்காலின் கூரான விளிம்பில் பட்டை உரசி, ஓரத்தில் நாலைந்து இழை அறுந்திருந்தது. இப்போது அந்த விளிம்பை அரத்தால் ராவி, பட்டை உட்காரும் இடத்தில் தடித்த துணி சுற்றியிருக்கிறேன். நீங்கள் காலை வெட்டிய அன்றைக்கே இதைச் செய்துவிடுங்கள்.