டிகாக்ஷன் இறங்கும் வரை

காலையில் ஃபில்டரில் வெந்நீர் ஊற்றி மூடியதும், கைப்பேசியைப் படுக்கையறையிலேயே விட்டுவிட்டு, டிகாக்ஷன் இறங்கும் வரை அடுக்களையில் சும்மா உட்காருங்கள். 15 நிமிடத் தனிமை செலவில்லாமல் கிடைக்கும். எப்படியும் காத்திருக்கத்தான் வேண்டும் என்பதால் வேலை கெடுகிறதே என்ற உறுத்தல் இருக்காது. மணி பார்க்கவும் வேண்டாம், சொட்டுகளின் இடைவெளி கூடிக்கொண்டே போவது காதிலேயே தெரியும். முதலில் மளிகைக் கணக்கும் நேற்றைய சண்டையும்தான் மனதில் ஓடும். ஓடட்டும், நம் சொந்த யோசனை அதன் பிறகுதான் தலைகாட்டும். தூளைச் சற்று அழுத்திவிட்டால் இன்னும் மெதுவாக இறங்கும் (டிகாக்ஷனும் கெட்டியாக இருக்கும்). இரவே டிகாக்ஷன் போட்டு வைப்பவர்களுக்கும், ஏழு மணிக்கே வாசலில் பள்ளி வேன் வந்து நிற்கும் வீடுகளுக்கும் இது ஒத்துவராது.