நாலு விரல், மூன்று சுன்: அக்குபஞ்சர் புள்ளிகளை அளந்து கண்டுபிடிப்பது எப்படி?

சுவரில் மாட்டும் அக்குபஞ்சர் படத்தில் எல்லாப் புள்ளியும் பளிச்சென்று தெரியும். அதையே நிஜமான ஒரு காலில் தேடும்போதுதான் கை தடுமாறும். படத்தில் இருக்கிறவர் ஒல்லியாக, எலும்பும் தசையும் எண்ணிப் பார்க்கிற மாதிரி நிற்பார். உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கும் அத்தை அப்படி இருக்க மாட்டார். அவர் காலில் புள்ளியை எப்படிப் பிடிப்பது என்பதுதான் இந்தப் பதிவு. நான்கு புள்ளிகள் மட்டும். ஊசி கிடையாது, கட்டைவிரல் போதும். ஊசி போடுவது முறையாகப் படித்தவர்களின் வேலை.

அதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கர்ப்பிணிகளுக்குப் புறங்கையில் இருக்கும் எல்.ஐ-4 (பெருங்குடல் பாதையின் 4-ஆவது புள்ளி), கணுக்காலுக்கு மேலே இருக்கும் எஸ்.பி-6 (மண்ணீரல் பாதையின் 6-ஆவது புள்ளி) இரண்டையும் அமுக்கக் கூடாது என்று சீன மரபே விலக்கி வைத்திருக்கிறது. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, சூடாகி, வலித்தால் அது ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்த கட்டியாக இருக்கலாம். அந்தக் காலைத் தொடாமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். வெரிகோஸ் நரம்பு புடைத்த இடம், புண், புதிய சுளுக்கு இவற்றின் மேலும் கை வைக்க வேண்டாம்.

எண்ணைப் பார்த்தே இடத்தை ஊகிக்கலாம்

மெரிடியன் என்பது புள்ளிகளைக் கோத்துச் சீன மருத்துவர்கள் வரைந்த பாதை. உறுப்புகளின் பெயரில் 12 மெரிடியன்கள், உடலின் நடுக்கோட்டில் முன்னே ஒன்று, பின்னே ஒன்று. மொத்தம் 14 பாதைகள், 361 புள்ளிகள். நடுக்கோட்டில் இருக்கும் 52 போக மீதி 309-ம் இடம், வலம் என்று இரண்டிரண்டாக இருக்கும்.

பாதை எந்தத் திசையில் ஓடுகிறது என்பதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி நில்லுங்கள். உறுப்புப் பெயருள்ள 12 பாதைகளையும் சீன மருத்துவம் யின், யாங் என்று இரண்டு வகையாகப் பிரிக்கிறது. அவற்றில் யின் பாதைகள் எல்லாம் கீழிருந்து மேலே ஏறும், யாங் பாதைகள் எல்லாம் மேலிருந்து கீழே இறங்கும். எண்களும் அதே வரிசையில்தான் போகும். இரைப்பைப் பாதை (எஸ்.டி) யாங். கண்ணுக்குக் கீழே 1-இல் தொடங்கி, காலின் இரண்டாவது விரலில் 45-இல் முடியும். அப்படியானால் எஸ்.டி-36 முழங்கால் பக்கம்தான் இருக்க வேண்டும். இதய உறைப் பாதை (பி.சி) யின். மார்பில் 1, நடுவிரலில் 9. எனவே பி.சி-6 மணிக்கட்டு பக்கம். எஸ்.டி, எஸ்.பி இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு கைகொடுக்கும். எஸ்.பி மண்ணீரல் பாதை, மொத்தமே 21 புள்ளிகள். அதில் 36-ஆவது புள்ளி என்று ஒன்று இருக்கவே முடியாது.

சுன் என்பது சென்டிமீட்டர் அல்ல

சுன் என்பது சீன நீள அளவு. எல்லோரும் சறுக்குவது இங்கேதான். 'மணிக்கட்டிலிருந்து 2 சுன்' என்று படித்ததும், ஒரு சுன் எத்தனை சென்டிமீட்டர் என்று தேடி, ஸ்கேலை எடுத்து வைப்பார்கள். உடம்பில் புள்ளி தேடும் சுன்னுக்கு அப்படி நிலையான அளவு கிடையாது. அந்த ஆளின் உடம்பை வைத்து, அந்த ஆளுக்கு மட்டும் செல்லுபடியாகும் அளவு அது. 'எறும்பும் தன் கையால் எண்சாண்' என்று நாம் சொல்கிறோமே, அதே கணக்கு.

விரல் அளவு இப்படி. கட்டைவிரலின் கணு அகலம் 1 சுன். சுட்டுவிரலும் நடுவிரலும் சேர்ந்தால் ஒன்றரை. நான்கு விரலையும் ஒட்டிவைத்து, நடுவிரலின் நடுக்கணு மட்டத்தில் எடுக்கும் அகலம் 3 சுன்.

இதில் இரண்டு தப்பு நடக்கும். ஒன்று, விரற்கடைக் கணக்கில் பழகியவர்கள் நாலு விரலை 4 சுன் என்று எடுத்துக்கொள்வது. 3 சுன் கீழே இருக்க வேண்டிய புள்ளி அப்போது மேலே போய்விடும், ஏனென்றால் '3 சுன்' என்றதும் மூன்று விரலை வைப்பார்கள். இன்னொன்று, அமுக்குகிறவர் தன் விரலால் அளப்பது. அளவு அமுக்கப்படுகிறவரின் விரல்தான். பெரிய கைக்காரர் ஒருவர் பத்து வயதுப் பெண்ணின் காலில் தன் நாலு விரலை வைத்தால் புள்ளியைத் தாண்டிப் போய்விடுவார்.

விரல் அளவு கிட்டத்தட்டச் சரியாக வரும், அவ்வளவுதான். சரியான அளவு எலும்பு அளவு. பழைய சீன மருத்துவ நூலான ஹுவாங்தி நெய்ஜிங்கின் லிங்ஷூ பகுதியில் 14-ஆவது அத்தியாயம் முழுக்க இதுதான்: உடம்பின் இரண்டு அடையாளங்களுக்கு நடுவே இத்தனை சுன் என்று வகுத்துவிடுவது. உங்களுக்கு இப்போது வேண்டியவை:

- முழங்கை மடிப்பு முதல் மணிக்கட்டு மடிப்பு வரை: 12 சுன்
- முழங்கால் வெளிக்குழி முதல் வெளிக் கணுக்கால் புடைப்பின் உச்சி வரை: 16 சுன்
- முழங்கால் சில்லின் கீழ்முனை முதல் உள் கணுக்கால் புடைப்பின் உச்சி வரை: 15 சுன்

ஒருவருடைய முன்கை 24 செ.மீ. இருந்தால் அங்கே ஒரு சுன் 2 செ.மீ. அவருடைய கால் முழங்கால் வெளிக்குழியிலிருந்து கணுக்கால் வரை 40 செ.மீ. இருந்தால் அங்கே ஒரு சுன் 2.5 செ.மீ. ஒரே ஆளுக்கே கையில் ஒன்று, காலில் ஒன்று! வயிற்றிலும் இப்படித்தான். தொப்புளுக்கு மேலே மார்பெலும்பு முடியும் இடம் வரை 8 சுன், தொப்புளுக்குக் கீழே அடிவயிறு முடியும் இடத்தில் தட்டும் பூப்பெலும்பின் மேல்விளிம்பு வரை 5 சுன். தொப்பை உள்ளவருக்கு விரல் அளவு அங்கே சுத்தமாக எடுபடாது.

எலாஸ்டிக் அளவுகோல் செய்வது

ஒவ்வொரு தடவையும் வகுத்துக்கொண்டிருக்க முடியாது. தையல் கடையில் கிடைக்கும் 2 செ.மீ. அகல எலாஸ்டிக் 30 செ.மீ. வாங்குங்கள். இழுக்காமல் மேஜையில் படுக்கவைத்து, நுனியில் 3 செ.மீ. பிடிக்க விட்டு, அங்கிருந்து 1.5 செ.மீ.க்கு ஒன்றாக 17 கோடுகள் போடுங்கள். 0 முதல் 16 வரை எண் எழுதுங்கள். கோடு போட்ட பகுதி 24 செ.மீ. வரும்.

முன்கைக்கு 0-ஐ மணிக்கட்டு மடிப்பில் வைத்து, 12-ஆம் கோடு முழங்கை மடிப்பைத் தொடும்வரை இழுங்கள். 2-ஆம் கோடு நிற்கும் இடம் 2 சுன். காலுக்கு 15 அல்லது 16-ஆம் கோடு.

கோடுகளை ஏன் 1 செ.மீ. இடைவெளியில் போடவில்லை? 16 செ.மீ. எலாஸ்டிக்கை 40-க்கு இழுத்தால் இரண்டரை மடங்கு. அவ்வளவு இழுத்தால் பிடித்திருக்கும் நுனிப்பக்கம் ஒரு மாதிரியும் நடுப்பக்கம் ஒரு மாதிரியும் நீளும், கோடுகள் சமமாக விலகாது. ஒன்றே முக்கால் மடங்குக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது. பழைய பாவாடையிலிருந்து உருவிய எலாஸ்டிக் வேண்டாம், அங்கங்கே தளர்ந்திருக்கும். பால்பாயின்ட் மை இழுத்தால் ஈஷிக்கொள்ளும். துணிக்கான மார்க்கரால் எழுதுங்கள். தோலில் குறிக்கப் புருவப் பென்சில்தான் என் தேர்வு. ஜெல் பேனா வியர்வையில் ஓடிவிடும்.

பி.சி-6 (நெய்குவான்)

குமட்டலுக்குப் பெயர்போன புள்ளி. உள்ளங்கை மேலே பார்க்க, கையைத் தளர்வாக வையுங்கள். மணிக்கட்டில் இரண்டு மூன்று மடிப்புகள் இருக்கும். எதிலிருந்து அளப்பது? உள்ளங்கைக்கு மிக நெருக்கமான மடிப்பிலிருந்து. மேல் மடிப்பிலிருந்து அளந்தால் மடிப்புகளுக்கு நடுவே உள்ள தூரம் அப்படியே பிழையாகச் சேர்ந்துவிடும்.

அங்கிருந்து 2 சுன் மேலே, இரண்டு தசைநாண்களுக்கு நடுவே. தசைநாண் தெரிய, கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் நுனியோடு நுனி சேர்த்து மணிக்கட்டை லேசாக மடக்குங்கள். கயிறு மாதிரி இரண்டு எழும்பும்.

ஒன்றுதான் எழும்புகிறதா? பயப்பட ஒன்றுமில்லை. நடுவில் இருக்க வேண்டிய பால்மாரிஸ் லாங்கஸ் என்ற தசைநாண் சிலருக்குப் பிறவியிலேயே இருக்காது, சிலருக்கு ஒரு கையில் மட்டும் இருக்காது. அப்போது கட்டைவிரல் பக்கம் இருக்கும் தசைநாணைப் பிடித்து, அதன் உள்பக்க ஓரத்தில், அதாவது சுண்டுவிரல் இருக்கும் பக்கத்தில், குறியுங்கள். கட்டைவிரல் பக்கம் நாடி துடிக்கும் இடத்துக்கு நகர்ந்துவிடாதீர்கள்.

எஸ்.டி-36 (ட்சூசான்லி)

நாற்காலியில் உட்காரவைத்து முழங்காலை மடக்கச் சொல்லுங்கள். சில்லுக்குக் கீழே, தசைநாணின் இரு பக்கமும் இரண்டு குழிகள் தெரியும். சீனர்கள் இவற்றை முழங்காலின் கண்கள் என்பார்கள். வெளிக்கண்தான் எஸ்.டி-35. 'கன்றுக்குட்டி மூக்கு' என்று பொருள்படும் பெயர் அதற்கு. மடக்கிய முழங்காலைப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

அந்தக் குழியின் நடுவிலிருந்து 3 சுன் கீழே. பிறகு கால் எலும்பின் முன்விளிம்பிலிருந்து ஒரு நடுவிரல் அகலம் வெளியே. சில்லின் மேல்விளிம்பிலிருந்து அளக்கத் தொடங்குகிறவர்கள் புள்ளிக்கு வெகு மேலேயே நின்றுவிடுவார்கள்.

சரிபார்க்க இரண்டு வழி. கணுக்கால் பக்கமிருந்து கால் எலும்பின் முன்விளிம்பில் விரலை மேலே தள்ளிக்கொண்டே வாருங்கள். முழங்காலுக்குக் கீழே ஒரு மேட்டில் முட்டி நிற்கும். அந்த மேடு தொடங்கும் மட்டத்தில்தான் நீங்கள் குறித்த புள்ளியும் இருக்க வேண்டும். அடுத்து, பாதத்தை மேல்நோக்கி மடக்கச் சொல்லுங்கள். உங்கள் விரலுக்கு அடியில் தசை திரண்டு எழுந்தால் சரி. எழாவிட்டால் எலும்பின் மேல் இருக்கிறீர்கள், அல்லது ரொம்ப வெளியே போய்விட்டீர்கள். வெளியே போனால் கையில் தட்டும் உருண்டை எலும்பைச் சுற்றி ஒரு நரம்பு தோலுக்குக் கீழேயே ஓடுகிறது. அங்கே அழுத்தி வைத்தால் பாதம் மரத்துப்போகும்.

எஸ்.பி-6, எல்.ஐ-4

எஸ்.பி-6 (சான்யின்ஜியாவ்) சுலபம். உள் கணுக்கால் புடைப்பின் உச்சியிலிருந்து 3 சுன் மேலே, எலும்பின் பின்விளிம்பை ஒட்டி. உச்சியிலிருந்து, கீழ்விளிம்பிலிருந்து அல்ல. மண்ணீரல், கல்லீரல், சிறுநீரகம் என்ற மூன்று யின் பாதைகளும் சந்திக்கும் இடம் என்பதால் அந்தப் பெயர்.

எல்.ஐ-4 (ஹகூ) புறங்கையில், சுட்டுவிரலின் உள்ளங்கை எலும்பின் நடுமட்டத்தில், கட்டைவிரல் பக்கம். கட்டைவிரலைச் சுட்டுவிரலோடு ஒட்டினால் சதை மேடு எழும், அதன் உச்சியில் குறித்துவிட்டுக் கையைத் தளர்த்துங்கள். இரண்டு விரலுக்கும் நடுவே உள்ள தோல் விளிம்பைக் கிள்ளுவது புள்ளி அல்ல. அழுத்தம் சுட்டுவிரல் எலும்பை நோக்கிச் சாய்வாகப் போக வேண்டும்.

அமுக்குவது

நகத்தை வெட்டிவிடுங்கள். குறித்த இடத்தைச் சுற்றி ஒரு செ.மீ.க்குள் விரல் நுனியால் மெல்லத் துழாவினால், ஓரிடத்தில் சற்றே பள்ளமாக, தொட்டதும் அவர் 'ஆங், அங்கேதான்' என்கிற மாதிரி இருக்கும். அளவு உங்களைத் தெருவுக்குக் கொண்டுவந்து விடும், வீட்டை விரல்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கட்டைவிரலை வைத்து மெதுவாக அழுத்தத்தைக் கூட்டி, சின்ன வட்டமாக 2 அல்லது 3 நிமிடம். கனம், மந்தமான வலி, உப்பினாற்போன்ற உணர்வு வரும். சீனத்தில் 'தே சி' என்பார்கள், 'சி' என்ற உயிராற்றல் வந்து சேர்வது என்று பொருள். சுரீரென்று குத்தினாலோ மின்சாரம் போல் ஓடினாலோ நரம்பின் மேல் இருக்கிறீர்கள், விரலை எடுத்துவிட்டு மறுபடி அளங்கள்.

புள்ளி கண்டுபிடிக்கும் கருவி என்று பீப் அடிக்கும் பேனா விற்கிறார்கள். அது பார்ப்பது தோலின் மின்தடையை. வியர்த்த இடத்திலும், நீங்கள் கூடுதலாக அழுத்திய இடத்திலும் அது கத்தும். காசுக்குக் கேடு.

சாங் அரசு காலத்தில் வாங் வெய்யி 1027-இல் வெண்கல மனிதனை வார்க்கவைத்தது இதே பிரச்சினைக்காகத்தான். புள்ளிகளில் துளையிட்டு, மேலே மெழுகு பூசி மறைத்து, உள்ளே நீர் நிரப்பி மாணவர்களுக்குத் தேர்வு வைத்தார்கள் என்பார்கள். ஊசி சரியாக இறங்கினால் நீர் வடியும்.

பின்சேர்க்கை

'மெரிடியன் ஸ்கேனில் தெரியுமா?' தெரியாது. அறுத்துப் பார்த்தால் கிடைக்கும் குழாயோ நரம்போ அல்ல அது, பழைய மருத்துவர்கள் வரைந்த வரைபடம். கி.மு. 168-இல் மூடிய மாவாங்துய் கல்லறையிலிருந்து 1973-இல் எடுத்த பட்டுச் சுவடிகளில் 11 பாதைகள்தான் இருக்கின்றன, பெயரிட்ட புள்ளிகள் இல்லை. ஆய்வுச் சான்றில் இந்த நான்கில் முன்னே நிற்பது பி.சி-6, அதுவும் அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய குமட்டலுக்கு. அதை வைத்து மற்ற மூன்றுக்கும் நோய் தீரும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

'என் புத்தகத்தில் முழங்கால் பின்மடிப்புப் புள்ளி 54 என்று இருக்கிறது, உலக சுகாதார நிறுவனப் படத்தில் 40 என்று இருக்கிறது.' இரண்டும் ஒரே புள்ளி, வெய்ட்சோங். சிறுநீர்ப்பைப் பாதை முதுகில் இரண்டு வரிசையாக ஓடுவதால் பழைய புத்தகங்கள் வேறு வரிசையில் எண்ணின. யு.பி என்பதும் பி.எல் என்பதும் ஒரே பாதை. எண்ணில் சந்தேகம் வந்தால் சீனப் பெயரைப் பாருங்கள், அது மாறாது.

'இரண்டு நல்ல புத்தகங்களில் ஒரே புள்ளி வேறு வேறு இடத்தில் இருக்கிறதே?' சில புள்ளிகளுக்கு அது நிஜம்தான். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட தர அளவிலேயே 6 புள்ளிகளுக்கு மாற்று இடமும் குறித்திருக்கிறார்கள். உள்ளங்கையில் இருக்கும் பி.சி-8 அவற்றில் ஒன்று. மேலே சொன்ன நான்கும் அந்தப் பட்டியலில் இல்லை.

குழந்தையின் முன்கையில் எலாஸ்டிக் தொளதொளவென்று நிற்கும். முன்கை 18 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால் இந்தப் பட்டை பயன்படாது. 1 செ.மீ. இடைவெளியில் இன்னொரு பட்டை செய்து வைத்துக்கொள்ளுங்கள்.