ஹீரோவுக்கு அப்பாவாக நடிக்கக் கூப்பிட்டால் என்ன செய்வது

ஒருநாள் போன் வரும். "சார், நல்ல கேரக்டர், ஹீரோவோட அப்பா." அந்த ஹீரோ மூன்று வருடம் முன்னால் உங்களுக்குத் தம்பியாக நடித்தவராக இருப்பார். போனை வைத்ததும் நேராகப் போய்க் கண்ணாடி முன்னால் நிற்பீர்கள், எல்லோரும் நிற்பார்கள். பத்து வருடம் உதவி இயக்குநராக இருந்தபோது இந்த மாதிரி போன்களை நானே நிறையப் பேசியிருக்கிறேன். அந்த போன் வருவதற்கு முன்பே அடுத்த வயதுக்குப் போய்விட்டவர்கள்தான் வேடத்தைப் பொறுக்கி எடுத்தார்கள், மற்றவர்கள் மிச்சம் மீதியை வாங்கிக்கொண்டார்கள்.

பெண்களுக்கு இந்த போன் பத்துப் பதினைந்து வருடம் முந்தியே வந்துவிடுகிறது. 1975இல் 'அபூர்வ ராகங்கள்' படத்தில் ரஜினிக்கு மனைவி ஸ்ரீவித்யா. 1991இல் 'தளபதி'யில் அதே ரஜினிக்கு அம்மா. இத்தனைக்கும் ரஜினியைவிட இரண்டரை வயது இளையவர் அவர். 'அவர்கள்' படத்தில் மனைவியாக வந்த சுஜாதாவும் 2002இல் 'பாபா'வில் அம்மாவாகிவிட்டார். அநியாயம்தான், அதைப் பற்றித் தனியாகவே எழுதலாம். ஆனால் தளபதி அம்மாவைக் கொஞ்சம் கவனியுங்கள். பெற்ற குழந்தையை ரயிலில் விட்டுவிட்டு வாழ்நாள் முழுக்க அதை நெஞ்சில் சுமக்கிறவள், அவளை எடுத்துவிட்டால் அங்கே கதையே இல்லை.

அதனால் கதை கேட்கும்போது சம்பளத்துக்கு முன்னால் இதைக் கேளுங்கள்: "இந்த ஆளைக் கதையிலிருந்து தூக்கிவிட்டால் என்ன ஆகும்?" இயக்குநர் சட்டென்று பதில் சொன்னால் நல்லது. தலையைச் சொறிந்தால், இடைவேளைக்குள் நீங்கள் சுவரில் மாலை போட்ட போட்டோவாகிவிடுவீர்கள் என்று அர்த்தம். எத்தனை நாள் கால்ஷீட் என்பதும் பெரிய விஷயமில்லை, மூன்று நாள் வேலையில் பேர் வாங்கியவர்களும் உண்டு.

அடுத்தது தலைமுடி. டை அடிப்பதா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம், ஆனால் பாதியில் நிற்காதீர்கள். ஒரு மூத்த நடிகர், நல்ல நடிகர், மகனைப் பறிகொடுத்த காட்சி. டைட் குளோசப். மானிட்டரில் பார்க்கிறோம், வகிட்டில் வெள்ளைக் கோடு. மேக்கப்மேன் ஓடிப்போய்க் கறுப்புப் பென்சிலால் தடவினார். லைட் சூட்டில் வேர்த்து, அந்தக் கறுப்பு காதோரமாக மெதுவாக இறங்கியது. மனிதர் அழுகிறார், யூனிட் மொத்தமும் அவர் காதையே பார்த்துக்கொண்டிருக்கிறது. ஐந்து டேக் போனது. முதல் டேக்கில் வந்த அழுகை ஐந்தாவதில் வரவில்லை.

நரைக்கு மாறுவதென்றால் இரண்டு படங்களுக்கு நடுவில் மாறுங்கள், ஓடிக்கொண்டிருக்கும் சீரியலின் நடுவில் மாறினால் கன்டினியூட்டி போய்விடும், முந்தின காட்சியும் அடுத்த காட்சியும் ஒட்டாது. முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும், ஒட்ட வெட்டிக்கொண்டாலும் மூன்று நான்கு மாதம் பிடிக்கும். முழுதாக வளர்ந்ததும் புதுப் போட்டோ எடுத்து, மேனேஜர் கையிலிருக்கும் பதினைந்து வருடத்துப் பழைய ஆல்பத்தைப் பிடுங்கிவிடுங்கள். கூடவே போனில் ஒரு இரண்டு நிமிட வீடியோ, கொங்குத் தமிழிலோ நெல்லைத் தமிழிலோ, இதுவரை நீங்கள் நடிக்காத ஒரு ஆளாக.

ஏன் நடிக்காத ஆள் என்கிறேன் என்றால், ஐம்பதுக்கு மேல் பழைய பிம்பத்தைப் பாதுகாப்பதைவிட அதை உடைப்பதில்தான் வேலை கிடைக்கிறது. கண்ணீர் வேடங்களுக்குப் பேர்போன சௌகார் ஜானகி 1981இல் 'தில்லு முல்லு'வில் போலி அம்மாவாக வந்து சிரிக்க வைத்தார். கை கால் ஒரு நொடி சும்மா இருக்காத நாகேஷ், 1994இல் 'மகளிர் மட்டும்' படத்தில் பிணமாக நடித்தார், வசனம் கிடையாது, இமை அசையக்கூடாது. அதே வருடம் வந்த 'நம்மவர்' படத்துக்குத்தான் அவருக்குத் துணை நடிகருக்கான தேசிய விருது.

வசனம். படப்பிடிப்பிலேயே குரலைப் பதிவு செய்யும் லைவ் சவுண்டில் பிராம்ப்டிங் சொல்ல, அதாவது பக்கத்திலிருந்து வசனம் எடுத்துக்கொடுக்க முடியாது, சொன்னால் அந்தக் குரலும் சேர்ந்து பதிவாகும். முதல் நாள் இரவே தாளை வாங்கிவிடுங்கள், பெரிய எழுத்தில் பிரின்ட் எடுத்துத் தரச் சொல்லுங்கள். மூக்குக்கண்ணாடி போட்டுப் படிப்பதில் கூச்சம் வேண்டாம்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. சம்பளத்தில் 10 சதவீதம் வரி பிடித்துத்தான் தருவார்கள், வருமானம் குறைந்த வருடத்தில் கணக்குத் தாக்கல் செய்தால் அதில் திரும்ப வர வாய்ப்பு உண்டு. நிறையப் பேர் சோம்பலில் விட்டுவிடுகிறார்கள். அப்புறம், வாய்ப்பு குறைந்ததும் வீட்டை அடகு வைத்துச் சொந்தப் படம் எடுக்கும் ஆசை வரும். சாவித்திரி மாதிரி ஒரு நடிகையே 1971இல் 'பிராப்தம்' எடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டார்.

எனக்குக் கஷ்டமாகத் தெரிவது போன் வராத நாட்கள்தான். காலை ஆறு மணிக்குக் குளித்து ரெடியாகிப் பழகியவருக்கு, ரெடியாகிப் போக இடமில்லை என்றால் பைத்தியம் பிடிக்கும். இதற்கு நான் பார்த்ததில் நல்ல வழி, சினிமாவுக்காக எதை விட்டுவிட்டு வந்தீர்களோ அதைத் தேடிப் போவது. சிவகுமார் சென்னைக்கு வந்ததே ஓவியம் படிக்க, 1965இல் தான் முதல் படம். திரையை விட்டு ஒதுங்கியபின் கம்பராமாயணத்தை நெட்டுருப் போட்டு, கையில் துண்டுச்சீட்டு இல்லாமல் மணிக்கணக்கில் மேடையில் பேசினார். நாற்பது வருடம் வசனம் மனப்பாடம் செய்த மூளைக்குக் கம்பன் நல்ல தீனி. வைஜயந்திமாலாவுக்குப் பரதநாட்டியம் இருந்தது, 2024இல் 90 வயதில் அயோத்தியில் ஆடினார். உங்களுக்கு அப்படி எதுவும் இல்லையென்றால் டப்பிங் இருக்கிறது, குரலுக்கு முகத்தளவு சீக்கிரம் வயதாவதில்லை.

முடிந்துபோனது என்று நினைப்பவர்கள் சாருஹாசனைப் பாருங்கள். வக்கீலாக இருந்தவர், 'உதிரிப்பூக்கள்' வந்தபோது 48 வயது. பிறகு ஒரு கன்னடப் படத்துக்குத் தேசிய விருது, எண்பதைத் தாண்டியபின் 'தாதா 87'.

சரி, மறுபடி போன் வருகிறது, வேடமும் பிடித்திருக்கிறது. முட்டி வலி இருந்தால் மறைக்காதீர்கள். இரவு ஷூட்டிங் எத்தனை நாள், படி ஏறும் காட்சி உண்டா என்று முதலிலேயே கேட்டு ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். ஒரு அம்மா, கதை சொல்லப் போன எங்களிடம், கதையை ஆரம்பிக்கும் முன்பே லொகேஷனில் பாத்ரூம் எவ்வளவு தூரம் தம்பி என்று கேட்டார். வெளியே வந்து சிரித்தோம். லொகேஷனுக்குப் போய்ப் பார்த்தால் முக்கால் கிலோமீட்டர். அவருக்காக ஒரு கேரவன் வரவழைத்தோம், படம் முடியும்வரை அதன் வாசலில் வரிசையில் நின்றது எங்கள் காஸ்ட்யூம் பெண்கள்தான்.