பழைய இம்ப்ரெசாவில் கை வைக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

1995-ல் காலின் மெக்ரே உலக ராலி பட்டம் வென்றது சுபாரு இம்ப்ரெசாவில். நீல வண்டி, தங்க நிறச் சக்கரம். அந்தப் படத்தைச் சுவரில் ஒட்டியிருந்தவர்கள்தான் இன்று ஜிசி8 எனப்படும் முதல் தலைமுறை டபிள்யூஆர்எக்ஸை, அதாவது இம்ப்ரெசாவின் வேகமான வகையை, தேடிப்பிடித்து வாங்குகிறார்கள். 1992 முதல் 2000 வரை வந்த வண்டி, நான்கு சக்கரத்துக்கும் எஞ்சினின் இழுவை போகும். வாங்கிய மாதமே வண்டியின் உயரத்தைத் தாழ்த்துகிறேன், கிளட்ச் மாற்றுகிறேன் என்று ஸ்பானரும் கையுமாக இறங்கிவிடுகிறார்கள்.

பழசை முதலில் சரிசெய்யாமல் புதுசை மாட்டுவது, பெரும்பாலோர் செய்யும் தவறு. சஸ்பென்ஷன் கம்பிகளின் மூட்டில் இருக்கும் இருபத்தைந்து வருடத்து ரப்பர் புஷ் வெடித்துப்போய் இருக்கும்போது விலை உயர்ந்த ஷாக் அப்சார்பரைப் போட்டு என்ன பயன்? வண்டி முன்னைவிட அதிகமாக அலையும். பிரிட்டன் போல குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் நாட்டில் ஓடிய வண்டி என்றால், பின்பக்க ஷாக் அப்சார்பரின் தலை போல்ட் ஆகும் இடத்தைக் கட்டாயம் பாருங்கள். ஜிசி8 துருப்பிடிப்பதில் பேர்போன இடம் அது. கடினமான ஸ்பிரிங்கைப் போட்டால் இடி முழுவதும் அந்தத் துருத் தகட்டில்தான் விழும். முதலில் டிங்கரிங், அப்புறம் சஸ்பென்ஷன்.

பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் லிங்க் கம்பிகளின் நீண்ட போல்ட் புஷ்ஷின் இரும்புக் குழாயோடு ஒட்டிப்போய் இருக்கும். ஞாயிறு மதியம் இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று ஆரம்பிக்காதீர்கள். புது போல்ட்டும் புஷ்ஷும் கையில் இல்லாமல் தொடவே வேண்டாம்.

புஷ் மாற்றுவதில் இன்னொரு விஷயம் உண்டு. ரப்பர் புஷ் சுழலாது, முறுக்கிக்கொள்ளும். வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்கிவிட்டால், இறக்கியதுமே ரப்பர் நிரந்தரமாக முறுக்கிய நிலைக்குப் போய்விடும். ஓடும் உயரத்தில், சக்கரத்தில் பாரம் இருக்கும்போதுதான் கடைசி முறுக்கு. நான் காசு கொடுத்துச் செய்த முதல் வேலையிலேயே இதைக் கோட்டைவிட்டார்கள். ஒரு வருடம்கூடத் தாங்காமல் புஷ் கிழிந்தது.

சரி, தாழ்த்துவது. வளைவில் வண்டி ஒரு புள்ளியைச் சுற்றிச் சாய்கிறது. அதுதான் ரோல் சென்டர். அந்தப் புள்ளிக்கும் வண்டியின் எடை மையத்துக்கும் உள்ள இடைவெளிதான் வண்டியைச் சாய்க்கும் நெம்புகோல். ஜிசி8-ல் நான்கு சக்கரத்துக்கும் மெக்ஃபெர்சன் வகை ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக நிற்பது. இந்த அமைப்பில் வண்டியை 4 செ.மீ. இறக்கினால் ரோல் சென்டர் அதைவிட அதிகமாக இறங்கிவிடும். நெம்புகோல் நீள்கிறது, தாழ்ந்த வண்டி குறைவாகச் சாயும் என்று நினைத்தவருக்கு எதிர்மாறாக நடக்கிறது. போதாததற்கு, சஸ்பென்ஷன் பள்ளத்தில் ஏறி இறங்கத் தூரம் இல்லாமல் பம்ப் ஸ்டாப் ரப்பரில் போய் இடிக்கும். சாலையில் ஓடும் வண்டிக்கு 25 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம் என்பதே என் கட்சி. இறக்கிய பிறகு வீல் அலைன்மென்ட் செய்யாமல் ஒரு நாள்கூட ஓட்டாதீர்கள். வளைவில் முன்பக்கம் வெளியே தள்ளுகிறதே என்பதுதான் குறை என்றால், வண்டி சாய்வதைத் தடுக்கும் பின்பக்க ஆன்டி-ரோல் பாரைக் கொஞ்சம் தடிமனாக்கிப் பாருங்கள். குறைந்த செலவு, நிறைந்த பலன்.

முன்சக்கர இழுவை கார் பழகியவர்கள் அதிகம் வழுக்கி விழுவது டயரில்தான். மேனுவல் டபிள்யூஆர்எக்ஸில், முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பிரித்துத் தரும் மைய டிஃபரன்ஷியலோடு ஒரு விஸ்கஸ் கப்ளிங் இருக்கிறது. சிலிகான் திரவத்துக்குள் அடுக்கடுக்காகத் தகடுகள். முன்னும் பின்னும் வேறு வேகத்தில் சுற்றினால் திரவம் இறுகி இரண்டையும் பிணைக்கும். எப்போதாவது சக்கரம் வழுக்கும்போது உதவத்தான் அது. முன்னால் புது டயர், பின்னால் பட்டன் தேய்ந்த டயர் என்று போட்டால் ஓய்வே இல்லாமல் வேலை செய்து வெந்துபோகும். நான்கு டயரின் சுற்றளவும் கால் அங்குலத்துக்குள், அதாவது சுமார் 6 மில்லிமீட்டருக்குள் ஒத்திருக்க வேண்டும் என்கிறது சுபாரு. பட்டன் கணக்கில் வெறும் 1 மில்லிமீட்டர் வித்தியாசம்! ஒரு டயர் பஞ்சராகிப் பாழானால் நான்கையும் மாற்ற நேரிடலாம். வலிக்கத்தான் செய்யும்.

இதே தவறின் பெரிய அண்ணன், முன் டிஃபரன்ஷியலும் உள்ளேயே இருக்கும் கியர்பாக்ஸை மாற்றிவிட்டுப் பின் டிஃபரன்ஷியலை விட்டுவிடுவது. டிஃபரன்ஷியல் பல் விகிதம் 4.111 ஆக உள்ள வண்டியில், இன்னும் வேகமான வகையான எஸ்டிஐ-யின் 4.444 கியர்பாக்ஸை ஏற்றினால் முன்னுக்கும் பின்னுக்கும் 8 சதவீத இழுபறி. ஒரு கிலோமீட்டருக்குள் ஷாஃப்ட்டுகளுக்கு இடையே 160 சுற்றுக்கு மேல் வித்தியாசம் வரும். எண் ஒன்றாக இருந்தாலும் நம்பிவிட முடியாது. அமெரிக்காவில் 2002 முதல் 2005 வரை விற்ற டபிள்யூஆர்எக்ஸில் முன்னால் 3.9, பின்னால் 3.545; நடுவில் 1.1 விகிதத்தில் ஒரு கியர் ஜோடி கணக்கைச் சரிக்கட்டுகிறது. அந்தக் கியர்பாக்ஸை 3.9 பின் டிஃபரன்ஷியலோடு சேர்த்தால் தாளில் பொருத்தம், சாலையில் சண்டை. கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் ஒரே வண்டியிலிருந்து ஜோடியாகக் கிடைத்தால் மட்டும் வாங்குங்கள்.

ஐந்து கியர் பெட்டியின் பல் எளிதில் உடையும் என்பது ஊரறிந்த செய்தி. அந்தப் பெட்டிக்கு முன்னால் பந்தயக் கிளட்ச்சைப் போட்டு, அதிக ஆர்பிஎம்மில் சட்டென்று காலை எடுப்பவர்களை என்ன சொல்ல? முன்சக்கர வண்டியில் டயர் வழுக்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். இங்கே நான்கு டயரும் தரையைக் கவ்வியிருக்கின்றன. கிளட்ச்சும் வழுக்கவில்லை என்றால் மிச்சம் கியர் பல்தான். கிளட்ச்சை ஃப்யூஸாக நினையுங்கள். எஞ்சின் தரும் இழுவிசைக்குக் கொஞ்சம் மேலே தாங்கினால் போதும்.

ஆயிலில் சிக்கனம் வேண்டாம். முன் டிஃபரன்ஷியலும் கியர்பாக்ஸும் ஒரே ஆயிலைப் பகிர்வதால் ஜிஎல்-5 என்ற கியர் ஆயில் தரம் வேண்டும். ஜிஎல்-4 மட்டும் உள்ளதை ஊற்றினால் டிஃபரன்ஷியல் பல் தேயும்.

வண்டி நின்றுபோனால் முன்சக்கரத்தை மட்டும் தூக்கி இழுத்துப் போக விடாதீர்கள், நான்கும் லாரி மேல் ஏற வேண்டும்.

இத்தனையும் வாங்குவதற்கு முன், ஒரு காலி மைதானத்தின் காய்ந்த தார்த்தரையில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டமிடுங்கள். வண்டி விட்டு விட்டுத் தடுக்கினால், யாரோ பிரேக்கைப் பிடித்தாற்போல இழுத்தால், மைய கப்ளிங் ஏற்கெனவே போய்விட்டது. சஸ்பென்ஷனுக்கு வைத்த பணம் அதற்கே சரியாகிவிடும்.