ஓவியருக்கு முன்பணம் அனுப்புவதற்கு முன்

இணையத்தில் ஓவியம் வரையச் சொல்லிப் பணத்தைத் தொலைத்தவர்களில் நானும் ஒருவன். அந்த ஆள் காட்டிய படங்களில் மயங்கி, அவற்றை வரைந்தது அவர்தானா என்று பார்க்காமல் விட்டேன்.

பணம் போன பிறகு நிதானமாகப் பார்த்தேன். ஆறு படங்களில் நான்கின் கீழ் மூலை வெட்டப்பட்டிருந்தது. ஒன்றில் கையெழுத்து இருந்த இடம் கலங்கலாகத் தேய்க்கப்பட்டிருந்தது. அதை கூகுள் லென்ஸில் (படத்தைக் கொடுத்தால் அது இணையத்தில் வேறெங்கு இருக்கிறது என்று தேடும் கருவி) போட்டதும் வேறொருவரின் பக்கம் வந்து நின்றது. இரண்டு நிமிட வேலை, முன்பே செய்திருக்கலாம்.

ஆனால் தேடலில் எதுவும் சிக்கவில்லை என்பதற்காக நிம்மதி அடைந்துவிடாதீர்கள். செயற்கை நுண்ணறிவு சற்று முன் உருவாக்கிய படத்துக்கு வேறெங்கும் மூலம் கிடைக்காது. அதனால் அவருடைய பழைய படம் ஒன்றின் பென்சில் கோட்டு நிலையையும், லேயர்கள் (வரையும் மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வரையும் படலங்கள்) தெரியும் திரைப்பதிவையும் கேளுங்கள். முறையாகத் தொழில் செய்பவர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். (உங்கள் படத்துக்கே இலவச மாதிரி கேட்பது வேறு விஷயம். அது அவருடைய உழைப்பைச் சுரண்டுவது.) வேலை தொடங்கியதும் சிறு திருத்தம் ஒன்று சொல்லிப் பாருங்கள்: தலையை மட்டும் சற்று இடப்பக்கம் திருப்பச் சொல்லுங்கள். கையால் வரைபவர் தலையை மட்டும் திருப்புவார். திரும்பி வந்த படத்தில் சட்டைப் பொத்தான்களின் எண்ணிக்கையும் மாறியிருந்தால் சந்தேகப்படுங்கள்.

அடுத்த தவறு பணம் அனுப்பும் வழி. இணையவழிப் பணப் பரிமாற்றச் சேவையான பேபாலில் "நண்பர்கள், குடும்பத்தினர்" என்ற வகையில் அனுப்பினால் கட்டணம் மிச்சம் என்பார்கள். அப்படி அனுப்பிய தொகைக்கு வாங்குபவருக்கான பாதுகாப்பு கிடையாது. "பொருள், சேவை" வகையில் அனுப்பினால், படம் வரவில்லை என்று 180 நாட்களுக்குள் புகார் தரலாம். ஏமாற்றுபவருக்கும் இந்தக் கணக்கு தெரியும். காய்ச்சல், கணினிப் பழுது, குடும்பத்தில் துக்கம் என்று காரணங்கள் வரிசையாக வருவது கெடு முடியும் வரை உங்களை இழுத்தடிப்பதற்காகவும் இருக்கலாம். இரக்கப்படுங்கள், நாட்காட்டியிலும் ஒரு கண் இருக்கட்டும். பரிசு அட்டையோ கிரிப்டோவோ கேட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

முழுத் தொகையையும் முதலிலேயே கொடுக்காமல், பாதியை முன்பணமாகவும் மீதியைக் கோட்டு வரைவு வந்த பிறகும் தருவதாகப் பேசிக்கொள்ளுங்கள். எத்தனை திருத்தம், எந்த அளவுக் கோப்பு, எந்தத் தேதி, வணிகத்துக்குப் பயன்படுத்தலாமா என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும்.

ஏமாந்த கதையைப் பொதுவெளியில் எழுதினால், இழந்த பணத்தை மீட்டுத் தருவதாகச் சிலர் தேடி வருவார்கள். எனக்கும் ஒருவர் எழுதினார். அவரும் முன்பணம்தான் கேட்டார்.