விளக்கை மறந்த காருக்கும் மணி கேட்காத தோட்டத்துக்கும் இரண்டு கைவேலைகள்

பொள்ளாச்சி–பழனி தடத்தில் 1920-ல் பஸ் விட்ட ஜி.டி. நாயுடு காலத்திலிருந்தே கோயமுத்தூர்ப் பக்கம் எதையும் சொந்தமாகச் செய்து பார்ப்பவர்களுக்குக் குறைவில்லை. கீழே உள்ள இரண்டும் அந்த வகை வேலைதான்: காரில் லைட்டை அணைக்க மறந்தால் கத்தும் பஸ்ஸர், போன் மணியைத் தோட்டம் முழுக்கக் கேட்கவைக்கும் ஹாரன். சாமான் எல்லாம் ரேடியோ சாமான் கடையில் கிடைக்கும்.

முதலில் கார். வால்பாறை மலைப்பாதையின் 40 கொண்டை ஊசி வளைவுகளையும் பனிமூட்டத்தில் லைட் போட்டு ஏறியவர், மேலே வெயிலைக் கண்டதும் அணைக்க மறந்து இறங்கிவிடுவார். ஹெட்லைட் இரண்டும் சேர்ந்தால் 110 வாட், அதாவது 9 ஆம்பியருக்கு மேல். 35 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரி மூன்று மணி நேரத்தில் செல்ஃப் எடுக்காத நிலைக்கு வந்துவிடும்.

இதற்கு ஒரு 12 வோல்ட் பஸ்ஸர், கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் ஒரு 1என்4007 டையோடு, 1 ஆம்பியர் ஃபியூஸ் போதும். பார்க்கிங் லைட் ஒயரிலிருந்து ஃபியூஸ், டையோடு வழியாகப் பஸ்ஸரின் சிவப்பு ஒயருக்குக் கொடுங்கள். டையோடின் வெள்ளிக்கோடு பஸ்ஸர் பக்கம் இருக்கட்டும். கருப்பு ஒயரைப் பாடியில் கட்டாதீர்கள். சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் டேஷ்போர்டு மீட்டர் ஃபியூஸில், மீட்டர்களுக்குப் போகும் பக்கத்தில் சேருங்கள். சாவி போட்டிருக்கையில் இரு முனையிலும் 12 வோல்ட், சத்தம் வராது. சாவியை எடுத்ததும் அந்த ஒயர் மீட்டர்கள் வழியே எர்த்துக்குப் போகும், பஸ்ஸர் கத்தும். சத்தம் ஈனமாக வந்தால் கருப்பு ஒயரை ரேடியோ ஃபியூஸில் மாட்டியிருப்பீர்கள். அங்கே எர்த்துக்குப் போதிய வழி இருக்காது. லைட்டைக் கம்ப்யூட்டரே இயக்கும் புது வண்டிகளில் இந்த ஒயர்களை வெட்டவே வேண்டாம்.

தோட்டத்துப் போன் கொஞ்சம் நிதானம் கேட்கும் வேலை. சாளைக்குள் (தோட்டத்து வீட்டுக்குள்) மணி அடித்தால் மாட்டுக் கட்டுத்தறியில் பால் கறப்பவருக்குக் கேட்காது, கிணற்று மேட்டுக்குச் சுத்தமாகக் கேட்காது. போன் லைனில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள்: போன் வைத்திருக்கையில் சுமார் 48 வோல்ட் டிசி, ரிசீவரை எடுத்ததும் 6 முதல் 10 வோல்ட். மணி அடிக்கும்போது அந்த 48-ன் மேல் 75 வோல்ட் அளவுக்கு ஏசி ஏறி வரும். அந்த ஏசியை மட்டும் பிடிக்க வேண்டும். கையில் பட்டால் உதறிவிடும், ஆகவே சுவரில் போன் லைன் வந்து சேரும் ரோசட் பெட்டியில் லைனைக் கழற்றிவிட்டே வேலை செய்யுங்கள்.

லைனின் ஒரு கம்பியிலிருந்து 0.47 மைக்ரோஃபாரட் 250 வோல்ட் பாலியெஸ்டர் கெபாசிட்டர், அதற்குத் தொடராக 10 கே (கிலோ ஓம்) அரை வாட் ரெசிஸ்டர், அதிலிருந்து 4என்35 ஆப்டோகப்ளரின் (உள்ளே இருக்கும் எல்இடி வெளிச்சத்தால் மறுபக்கத்தை இயக்கும் சில்லு) 1-ம் கால். 2-ம் கால் லைனின் மறுகம்பிக்கு. இந்த இரு காலுக்கும் குறுக்கே 1என்4148 டையோடைத் திருப்பி, அதன் கோடு 1-ம் கால் பக்கம் வரும்படி வையுங்கள். இது இல்லாவிட்டால் ஏசி எதிர்த்திசையில் திரும்பும்போது உள்ளே இருக்கும் எல்இடி செத்துவிடும்.

மறுபக்கம் 5-ம் கால் பிளஸ் 12 வோல்ட்டுக்கு. 4-ம் காலிலிருந்து எர்த்துக்கு (அந்த 12 வோல்ட்டின் மைனஸுக்கு) 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், அதே காலிலிருந்து 4.7 கே வழியாகப் பிசி547 டிரான்சிஸ்டரின் பேஸுக்கு. எமிட்டர் எர்த்தில். கலெக்டருக்கும் பிளஸுக்கும் நடுவே 400 ஓம் 12 வோல்ட் ரிலே, காயிலுக்குக் குறுக்கே 1என்4007, கோடு பிளஸ் பக்கம். 6-ம் கால் சும்மா இருக்கட்டும். ரிலே ‘டரடர’ என்று நடுங்கினால் அந்த 10 மைக்ரோஃபாரட்டைச் சரியாகப் பற்றவைக்கவில்லை என்று அர்த்தம்.

ரிலே காண்டாக்டில் பைக் ஹாரன் மாட்டினால் கிணறு வரை கேட்கும். ஆனால் ஹாரன் 2 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 1 ஆம்பியர் அடாப்டரில் வோல்ட் சரிந்து ரிலேயும் விழும். 7 ஏஎச் பேட்டரியே சரி, கரண்ட் போனாலும் அடிக்கும்.

பெரும்பாலோர் சிக்கிக்கொள்வது ஒரே இடத்தில்: கெபாசிட்டர் கைவசம் இல்லையென்று ரெசிஸ்டரை மட்டும் போட்டு ஓட்டிப் பார்ப்பது. அப்போது 48 வோல்ட் டிசி ஓயாமல் 4.7 மில்லிஆம்பியர் அளவுக்கு ஒழுகும், ரிலே விடாமல் பிடித்தே நிற்கும், எக்ஸ்சேஞ்சுக்கு அது பழுதான லைனாகத் தெரியலாம். கெபாசிட்டர் ஷார்ட் ஆனாலும் இதே கோளாறுதான். அதனால் மாட்டிய பிறகு லைனை மறுபடி அளந்து பாருங்கள், மாட்டுவதற்கு முன் இருந்த அதே அளவு நிற்க வேண்டும்.

ஃபைபர் பெட்டியிலிருந்து போன் எடுப்பவர்களுக்கு மணி வோல்ட் குறைவாக வரலாம். ரிலே பிடிக்கத் தயங்கினால் 0.47-ஐ 1 மைக்ரோஃபாரட்டாக மாற்றுங்கள். பெட்டிக்கும் தனி பேட்டரி வைக்காவிட்டால், கரண்ட் போனதும் மணியே வராது.